இறக்கைக்குள் விசிறி: ஃபோர்ட் ரக்கரில் இருக்கும் ரயான் எக்ஸ்வி-5பி

அனல்மின் நிலையத்தில் டர்பைன் பராமரிப்பிலேயே காலம் தள்ளியவன் நான். அதனால் அலபாமாவில், ஃபோர்ட் ரக்கரில் உள்ள அமெரிக்கத் தரைப்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போனபோது, வரிசையாக நிற்கும் ஹெலிகாப்டர்களை விட்டுவிட்டு நேராக ரயான் நிறுவனம் செய்த சோதனை விமானமான எக்ஸ்வி-5பி பக்கம்தான் போனேன். கட்டணம் கிடையாது. ராணுவ முகாமுக்குள் இருக்கிறது, அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

ஓடுதளம் இல்லாத போர்முனையில் செங்குத்தாக எழும்பி, ஜெட் வேகத்தில் போய் நோட்டம் பார்த்துத் திரும்பும் விமானம் வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் தரைப்படை ஆசைப்பட்டது. லாக்ஹீட் செய்த எக்ஸ்வி-4 தேறவில்லை. எதிர்பார்த்த தூக்குவிசை கிடைக்கவே இல்லை.

ரயான் போன வழி வேறு. இரண்டு இறக்கையிலும் சுமார் 5 அடி விட்டத்தில் ஒவ்வொரு விசிறி, மூக்கில் சின்னதாக ஒன்று. இரண்டு ஜே85 எஞ்சின்களின் சூடான வாயுவை வால்வு வழியாகத் திருப்பி, விசிறியின் விளிம்பைச் சுற்றியுள்ள டர்பைன் பிளேடுகளில் பாய்ச்சுகிறார்கள். இடையில் ஷாஃப்ட் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை! கியர்பாக்ஸோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். எஞ்சின்கள் நேரடியாகத் தரும் உந்துவிசையைப் போல ஏறத்தாழ 3 மடங்கு தூக்குவிசை கிடைத்தது. எழும்பியதும் கொஞ்சம் வேகம் பிடித்து, விசிறி மூடிகளைச் சாத்தி, வாயுவைப் பின்பக்கம் திருப்பினால் சாதாரண ஜெட்தான்.

ஆனால் இது இரண்டு உயிர்களை வாங்கியது. 1965 ஏப்ரலில் முதல் விமானம் விழுந்து சோதனை விமானி லூ எவரெட் இறந்தார். 1966 அக்டோபரில், இரண்டாவது விமானம் மீட்புப் பணிக்கு ஆகுமா என்று பார்த்த சோதனையில், தொங்கவிட்டிருந்த மீட்பு வளையத்தை இறக்கை விசிறியே உறிஞ்சிவிட்டது. மேஜர் டேவிட் டிட்டில் பலியானார். அந்த விமானத்தைச் செப்பனிட்டதுதான் இந்த 5பி. அப்புறம் நாசா 1974 வரை ஆராய்ச்சிக்கு ஓட்டியது.

பொறியியலுக்கு 5க்கு 5 போடுவேன். வேவு விமானம் என்றால் 2 போதும். வேவு பார்க்க நெடுநேரம் வானத்தில் நிற்க வேண்டும். விசிறிகள் இறக்கையை இப்படி அடைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு ஏது இடம்? தரைப்படைக்கு அந்த வேலையை 1990கள் வரை பார்த்துக் கொடுத்தது, ப்ரொப்பெல்லர் வைத்த கிரம்மன் மொஹாக்.