உஸ்ஸுங்குற அஞ்சு இன்ச் மானிட்டர்: சேலத்துல கேக்கல, ஏற்காட்டுல விடல

ஆத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கான், "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே அஞ்சு இன்ச் மானிட்டர் (பாட்டு மிக்ஸ் பண்ணக் கேக்கிற ஸ்டுடியோ ஸ்பீக்கர்) இப்ப விலை இறங்கியிருக்கு, எங்க ரூமும் பத்துக்குப் பத்துதான், கண்ண மூடிட்டு வாங்கிரலாமா"ன்னு. கண்ண மட்டும் மூடுனா பத்தாதுடா தம்பி, காதையும் மூடிக்கிட்டா தாராளமா வாங்கலாம்.

கம்பெனி பேரு இங்க போடப்போறதில்ல. போட்டா அதே ஸ்பீக்கர் வச்சிருக்கிறவங்க எல்லாம் "எனக்கு அப்படி வரலையே"ன்னு சண்டைக்கு வருவாங்க, பதில் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. கீழ் சத்தத்துக்கு அஞ்சு இன்ச் ஊஃபர், மேல் சத்தத்துக்கு ஒரு இன்ச் ட்வீட்டர், உள்ளேயே ரெண்டுக்கும் தனித்தனி ஆம்ப், பின்னாடி காத்து போக போர்ட்னு ஒரு ஓட்டை, பின்னாடியே ரெண்டு மூணு சுவிட்ச், அவ்ளோதான். இந்த விலையில வர்றது எல்லாமே கிட்டத்தட்ட இதே அமைப்புதான்.

நல்லத முதல்ல சொல்லிடறேன், கோவம் ஏறிடுச்சுன்னா மறந்துருவேன். மிக்ஸிங்னு பாத்தா இது பொய் சொல்லாத ஸ்பீக்கர். ஆடி மாசம் வந்தா எனக்கு அம்மன் பாட்டு வேலைதான், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முன்னாடி மூச்சு விட நேரம் இருக்காது, பாடுறவங்க குரல், பம்பை, உடுக்கை, கீபோர்டு எல்லாம் 300ல இருந்து 500 ஹெர்ட்ஸ்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும். சாதாரண ஹோம் தியேட்டர்ல கேட்டா அது "நல்லா கனமா இருக்கு"ன்னு தோணும். இதுல கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி தெரியும், வார்த்தையே வரல, வெட்டுடான்னு சொல்லும். வெட்டி அனுப்புனா கோயில் பந்தல் குழாய் ஸ்பீக்கர்லயும் வார்த்தை புரியுது, மினி பஸ்லயும் புரியுது, போன்லயும் புரியுது. குரல் எங்க நிக்குது, எக்கோ எவ்வளவு நீளம், எல்லாம் விரல் வச்சு காட்டலாம். இந்தக் காசுக்கு இது பெரிய விஷயம், இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

பேஸ் பத்தி குறை சொல்றவங்க பாதிப் பேரு ஸ்பீக்கர திட்டல, அவங்க ரூம திட்டறாங்க. சேலம் அம்மாபேட்டையில என் மாடி ரூம் பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி, அதாவது ஒரு பெரிய டப்பா. சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகும், பத்தடிங்கிறது 3.05 மீட்டர், ரெண்டு சுவருக்கு நடுவுல அரை அலை பொருந்துற இடம் 56 ஹெர்ட்ஸ். நீளத்துக்கும் அதே 56, அகலத்துக்கும் அதே 56, உயரத்துக்கும் அதே 56, மூணும் ஒரே இடத்துல குவிஞ்சு அந்த ஒரு பேஸ் சத்தத்த மட்டும் ரூமே பெருக்கிடும். ரூமுக்கு நட்ட நடுவுல நாற்காலி போட்டு உக்காந்தா அந்த 56 காணாமலே போயிடும், எந்திரிச்சு சுவர் ஓரமா போனா குமுறும். (மே மாசம் ரூம் சூடு 35 டிகிரிக்குப் போனா சத்தமும் கொஞ்சம் வேகமா ஓடும், 56ங்கிறது 58 பக்கம் நகரும், இதெல்லாம் யாருக்கும் தேவையில்லாத சமாச்சாரம், ஆனா எனக்கு இதுல ஒரு சந்தோஷம்.) தம்பி ரூமும் பத்துக்குப் பத்துன்னா எந்தக் கம்பெனி ஸ்பீக்கர் வாங்குனாலும் இதே கதைதான், அதனால சுவத்துல இருந்து மூணே முக்கால் அடி பக்கம் தலை வர்ற மாதிரி உக்காரு, மூலையில எவ்வளவு தடியா பஞ்சு அடைக்க முடியுமோ அடை. முட்டை அட்டை ஒட்டுறது சுத்த வேஸ்ட், 56 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் இருபது அடி, அதுக்கு முட்டை அட்டையெல்லாம் கண்ணுலயே தெரியாது.

அப்புறம் பின்சுவர். ஸ்பீக்கர் முகம் சுவத்துல இருந்து ரெண்டடி தள்ளி இருந்தா 140 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற அலை நேரா வர்றத அழிச்சிடும். சின்ன ரூம்ல பேசாம சுவர் பக்கத்துல தள்ளி வச்சு, பின்னாடி இருக்கிற பேஸ் குறைக்கிற சுவிட்ச தட்டிவிடறதுதான் வழி, அப்ப அந்தப் பள்ளம் மேல ஏறிப் போய்டும், அங்க அவ்வளவா உறுத்தாது. பின்னாடி போர்ட் இருக்கிறதால சும்மா ஒரு நாலு விரல் இடைவெளி விட்டா போதும்.

இது வரைக்கும் சேலம். பிரச்சினை ஆரம்பிச்சது மலை ஏறுன பிறகு.

மாமனார் வீடு ஏற்காட்டுல, காபித் தோட்டத்த ஒட்டி. குழந்தைக்கு லீவு விட்டா குடும்பமே அங்கதான், வேலையும் விட முடியாது, அதனால ஸ்பீக்கர் ரெண்டையும் போர்வையில சுத்தி, கார் பின்சீட்ல பெல்ட் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எடுத்துட்டுப் போறது. அங்க மேல ரூம் ஓட்டுக் கூரை, சாய்வா இருக்கும், நீளம் அகலம் உயரம் எதுவும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது, அதனால பேஸ் அவ்ளோ அழகா, சீரா வருது, சேலத்துல நான் பஞ்சு மூட்டையோட போராடி வாங்குனத அங்க சும்மா கொடுக்குது. தவில் பதிவு ஒண்ண முதல் தடவை அங்க வச்சு கேட்டப்ப தொப்பி (தவிலோட கனமான பக்கம்) அடி ஒவ்வொண்ணும் தனித்தனியா எண்ண முடிஞ்சுது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல பாருங்க, ஏற்காட்டுல ஃபேன் கிடையாது, தறி கிடையாது, வண்டி கிடையாது. பாட்ட நிறுத்துனேன். உஸ்ஸ்ஸ். நிக்கல. ரெண்டு ஸ்பீக்கர்ல இருந்தும், ட்வீட்டர்ல இருந்து, விடாம. மாமனார் படியேறி வந்து "மாப்ள, கேஸ் ஏதும் லீக் ஆகுற மாதிரி இருக்குதுங்க, பாருங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போய் சிலிண்டரத் திருகி மூடிட்டு வந்தாரு. அவரு காது அறுபது தாண்டுன காது, அதுக்கே கேக்குது.

அம்மாபேட்டையில தெரு முழுக்க தறி ஓடும், மேல ஃபேன் சுத்தும், இந்த உஸ் அதுக்குள்ள முங்கிப் போயிடும், இருக்குன்னே தெரியாது. அதனாலதான் வாங்குன புதுசுல எனக்கு இது உலகத்துலயே சிறந்த ஸ்பீக்கர்.

"அட, பாட்டு ஓடுறப்ப கேக்காதே, அப்புறம் என்ன"ன்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க, கம்பெனிக்காரனும் அதத்தான் சொல்றான். அம்மன் பாட்டுக்குக் கேக்காது, சரி. குறும்பட வேலை வரும்போது? ஒரு கிழவி வாசல்ல உக்காந்து மெதுவாப் பேசற சீன், பின்னணியில ஒண்ணும் இல்ல, டயலாக் நடுவுல ரெண்டு செகண்ட் மௌனம். அந்த மௌனத்துல ஒரு உஸ் கேக்குது. அது ரெக்கார்டிங்ல இருக்கிற உஸ்ஸா, ஸ்பீக்கர் போடுற உஸ்ஸா? தெரியாது. ஃபைல்ல இருக்குன்னு நினைச்சு நாய்ஸ் ரிடக்ஷன் ஏத்துனா "ச", "ஸ", "ஷ" எல்லாம் தேஞ்சு போய் கிழவி தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிடும். ஸ்பீக்கர்லதான் இருக்குன்னு விட்டுட்டா, நாளைக்கு தியேட்டர்ல போட்டப்ப நிஜமாவே ஃபைல்ல இருந்துச்சுன்னா டைரக்டர் போன் பண்ணுவாரு. அதனால ஒவ்வொரு தடவையும் ஹெட்போன மாட்டி செக் பண்ணிட்டு, கழட்டி, திரும்ப ஸ்பீக்கர்ல கேட்டு, திரும்ப மாட்டி. எக்கோ வால் எங்க முடியுதுன்னு பாக்கறதுக்கும் இதே கூத்துதான். அப்புறம் எதுக்கு ஸ்பீக்கர்?

எல்லா சத்தமும் ஒரே வியாதி இல்ல, அத முதல்ல பிரிச்சுப் பாக்கணும். "ம்ம்ம்"னு அடித்தொண்டையில வந்தா அது 50, 100 ஹெர்ட்ஸ், கரண்ட் சமாச்சாரம், எர்த் லூப் (எர்த் ஒயர் வழியா சுத்தி வர்ற இரைச்சல்), லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாரு, எல்லாத்தையும் ஒரே பிளக் போர்டுல போடு, பேலன்ஸ்டு கேபிள் (வெளி இரைச்சல அடக்குற கேபிள்) போடு, பெரும்பாலும் போயிடும். "உஸ்"னு மேல வந்தா, உள்ள பாட்டு கொண்டு போற கேபிளையே உருவிடு. உருவின பிறகும் உஸ் இருந்தா அது ஸ்பீக்கரோட சொந்த சரக்கு. அடுத்து பின்னாடி இருக்கிற லெவல் குமிழ சுத்தமா குறைச்சுப் பாரு, உஸ்ஸும் குறைஞ்சா பரவாயில்ல, குமிழ இறக்கி இன்டர்ஃபேஸ்ல (கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கிற பெட்டி) ஏத்திக்கலாம். என்னோடது குமிழ பூஜ்யத்துல வச்சாலும் அதே உஸ், அப்படின்னா குமிழுக்கு அப்புறம் இருக்கிற ஆம்ப்லயே பிறக்குது, நாம ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள ஆம்ப் இல்லாத சாதா பாசிவ் ஸ்பீக்கர்ல ட்வீட்டருக்கு முன்னாடி, மேல் சத்தத்தயும் கீழ் சத்தத்தயும் பிரிக்கிற, ரெசிஸ்டர் போட்ட கிராஸ் ஓவர் ஒண்ணு இருக்கும், ஆம்ப்போட இரைச்சலயும் சேத்து அது கொஞ்சம் அடக்கும். நம்மளுது மாதிரி உள்ளேயே ஆம்ப் இருக்கிற ஆக்டிவ்ல ஆம்ப் நேரா ட்வீட்டர் வாயில. மூணடி தூரத்துல உக்காந்து வேலை பாக்கிற நமக்கு தப்பிக்க வழியில்ல, தூரத்த ரெட்டிப்பாக்குனா 6 டெசிபல் குறையும், ஆனா பத்துக்குப் பத்து ரூம்ல ஆறடி தள்ளி உக்காந்தா முதுகு சுவத்துல ஒட்டிக்கும்.

போன சித்திரை மழையில இடி இறங்கி ஒரு பக்கம் செத்துப் போச்சு. கம்பெனி சர்வீஸ்ல கேட்டா பின் தட்டோட மொத்த ஆம்ப் போர்டும் மாத்தணும்னு சொன்னாங்க, அவங்க சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டா புது ஸ்பீக்கரே வந்துரும். சேலத்துலயே பழைய ரேடியோ டேப் பாக்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனேன். பவர் சப்ளையில ஊதிப் போயிருந்த கெப்பாசிட்டர், கூட ஒரு சின்ன பார்ட்டு, மாத்திட்டு கொடுத்த பில்லுக்கு மத்தியானம் ரெண்டு பேரு பிரியாணி சாப்பிட முடியாது. உயிர் வந்துச்சு. அப்படியே இந்த உஸ்ஸையும் பாருங்கண்ணேன்னு சொன்னேன். காத கிட்ட வச்சு கேட்டுட்டு, "தம்பி, இது கோளாறு இல்ல, பொறப்பே இப்படித்தான்"னு சொல்லிட்டாரு. வேணும்னா ட்வீட்டர் ஒயர்ல ரெசிஸ்டர் போட்டு அடக்கித் தர்றேன்னாரு. அதுலயும் கணக்குப் போட்டுப் பாத்தேன், ட்வீட்டர அடக்குனா பாட்டோட மேல் சத்தமும் சேந்து அடங்கும், அத ஈடு கட்ட பின்னாடி இருக்கிற சுவிட்ச் ஏத்துறது வெறும் 2 டெசிபல், ஆக லாபமும் 2 டெசிபல்தான், அதுக்காக பெட்டிய பிரிக்கணுமா. வேண்டாம்னுட்டேன்.

இன்னொரு வேடிக்கை, கொஞ்ச நேரம் பாட்டு வரலேன்னா இது தானா ஸ்டாண்ட்பைக்குப் போயிடும். முன்னாடி அது எனக்கு எரிச்சல், எடிட் பண்ணிட்டு ப்ளே அழுத்துனா முதல் ரெண்டு வார்த்தை வராது. இப்ப ஏற்காட்டுல அது எப்ப தூங்கும்னு காத்துக்கிட்டிருக்கேன்.

மத்த ஸ்பீக்கர் பத்தியும் தம்பி கேட்டிருந்தான். சேலம் குகை ஏரியாவுல ஒரு நண்பர் யமஹா எச்எஸ்5 வச்சிருக்காரு, வெள்ளைக் கோன், 1978ல வந்த அவங்களோட பழைய ஸ்பீக்கர் என்எஸ்10 ஞாபகத்துல பண்ணுனது. கம்பெனி கணக்குப்படியே 54 ஹெர்ட்ஸ்ல 10 டெசிபல் இறங்கிடும், அதனால கிக் டிரம்மோட அடி வயித்த இதுல தேடாத, ஆனா குரலுக்கு ரொம்ப கறாரா இருக்கும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ 2 இல்ல 4 டெசிபல் குறைக்க சுவிட்ச் இருக்கு, சின்ன ரூமுக்கு அது உபயோகம். ஒண்ணு கவனி, அது ஒத்தையா விக்கிற ஸ்பீக்கர், ஆன்லைன்ல விலையப் பாத்து "அட இவ்ளோ கம்மியா"ன்னு குதிக்காத, ரெண்டால பெருக்கு. ஐலவுட் மைக்ரோ மானிட்டர் ஜோடியா வரும், மூணு இன்ச் ஊஃபர்தான், மேசையில லேப்டாப் பக்கத்துலயே நிக்கும், உள்ள டிஎஸ்பி (சத்தத்த கணக்குப் போட்டுத் திருத்துற சிப்) வச்சு 45 ஹெர்ட்ஸ் வரைக்கும் இழுக்கிறாங்க, அவ்ளோ சின்னதுல இருந்து அவ்ளோ வர்றது நம்ப முடியாது, ஆனா பேலன்ஸ்டு இன்புட் கிடையாது. காலி (Kali)ங்கிற கம்பெனியோட எல்பி-6 முதல் வெர்ஷன்ல இரைச்சல்னு நிறைய பேரு சொன்னாங்க, ரெண்டாவது வெர்ஷன்ல அதத்தான் முதல் வேலையா குறைச்சாங்க, போர்ட்டும் முன்னாடி இருக்கு, சுவர் பிரச்சினை கம்மி. புகார கேட்டுத் திருத்துற கம்பெனியும் இருக்குங்கிறதுக்காகச் சொல்றேன், என் ஸ்பீக்கர் கம்பெனிக்குக் கேக்கட்டும். ஆடம் கம்பெனியோட டி5வி ரிப்பன் வகை ட்வீட்டர், ஜால்ரா, சலங்கை எல்லாம் அவ்ளோ நுணுக்கமா வரும், நான் கடையில கொஞ்ச நேரம்தான் கேட்டேன், அதனால அதுக்கு மேல பேச மாட்டேன்.

அப்ப முடிவு என்னன்னா, வாங்காத. இவ்ளோ நேரம் மிக்ஸ் நல்லா வருது, பொய் சொல்லாதுன்னெல்லாம் சொன்னேன், அது எல்லாம் நிஜம், இருந்தாலும் வாங்காத. விலை இன்னும் பாதியா இறங்குனாலும் வாங்காத. என்னோடத செகண்ட்ஸ்ல தர்றியான்னும் கேக்காத, தர மாட்டேன், ஆடி வரப்போகுது, எனக்கு வேலை இருக்கு.

இல்ல, நான் வாங்கித்தான் தீருவேன்னா, கடைக்கு நேர்ல போ. உள்ள ஏசி, ஃபேன் எல்லாம் ஓடிட்டிருக்கும், பாட்டு போட்டு அசத்துவாங்க. பாட்டு வேண்டாம்ணே, ஸ்பீக்கர மட்டும் ஆன் பண்ணுங்க, ஏசியயும் ஃபேனயும் ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லு. முறைப்பாங்க, முறைக்கட்டும், காத ட்வீட்டர்ல இருந்து மூணடி தள்ளி வச்சுக் கேளு. ஆஃப் பண்ண மாட்டோம்னு சொன்னா ஒண்ணும் பேசாம பஸ் ஏறி ஆத்தூர் போயிடு.