எலெக்ட்ரிக் கிட்டார் வீட்டிலேயே: கிட்டா, பாகங்களா, பலகையா?

எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் செய்ய உட்காருகிறவர் முதல் நாளிலேயே பத்துப் பன்னிரண்டு ‘இதுவா, அதுவா’க்களில் மாட்டிக்கொள்வார். கிட் (எல்லாப் பாகமும் தயாராக வரும் பெட்டி) வாங்குவதா, பாகம் பாகமாகச் சேர்ப்பதா? நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, திருகாணியால் பிணைப்பதா, ஒட்டுவதா? தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயிலா, இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரா? மேற்பூச்சு எண்ணெயா, லாக்கரா? பேச்சு பெரும்பாலும் ‘எது நல்ல ஒலி தரும்’ என்ற பக்கமே போகும். நான் வேறொரு கேள்வியால் அளக்கிறேன்: இதில் கை பிசகினால் திரும்பி வர வழி இருக்கிறதா? சில கிட்டார்களைச் செய்து, அதைவிட அதிகமானவற்றைப் பிரித்து மேய்ந்த பிறகு எனக்கு நிலைத்த அளவுகோல் இது.

எங்கிருந்து தொடங்குவது

கிட் பெட்டியைத் திறந்தால் பாடி (கிட்டாரின் உடல்) வெட்டப்பட்டு, நெக் செதுக்கப்பட்டு, ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) அடிக்கப்பட்டு இருக்கும். இரண்டு நாளில் கோத்துவிடலாம் என்று தோன்றும், கோத்தும் விடலாம். ஆனால் வாசிக்கத் தகுந்த கிட்டார் ஆவதற்கான உழைப்பு ஃப்ரெட்டிலும், நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டிலும்தான் காத்திருக்கிறது. மலிவான கிட்டில் ஃப்ரெட்டுகள் ஒரே மட்டத்தில் வருவது அபூர்வம். தந்திகளைக் கழற்றி, நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் கம்பியால் நெக்கை நேராக்கி, ஃப்ரெட்டின் தலையெல்லாம் மார்க்கரால் கருப்படித்து, நேரான இரும்புக் கட்டையில் 400ஆம் எண் உப்புத்தாள் ஒட்டி மெதுவாகத் தேய்க்க வேண்டும். எல்லாத் தலையிலும் மை லேசாகப் போனதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு தட்டையான தலைகளை அரத்தால் மீண்டும் உருட்டி மெருகேற்றுவது. தேய்த்த உலோகம் திரும்பி வராது, ஆகவே இதில் அவசரம் கூடாது.

கிட்டில் இன்னொரு பொறி உண்டு. மேலே அழகான வரியோடு தெரியும் மரம் பல கிட்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய வெனீர். உப்புத்தாள் நாலு தடவை கூடுதலாகப் போனால் அடியிலிருக்கும் மரம் எட்டிப் பார்க்கும். அங்கங்கே கசிந்த பசையும் இருக்கும். சாயம் அந்த இடத்தில் ஏறாது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் பசைத் திட்டுகள் வெளிறித் தெரியும்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பது கிட்டைவிட நல்ல கருவியைத் தரும், அளவுகள் பொருந்தினால். இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஃபென்டரின் ஸ்ட்ராட், டெலி வகைகளின் ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து, பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரையுள்ள தூரம்) 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ.; கிப்சனின் லெஸ் பால் வகையில் ஏறத்தாழ 628 மி.மீ. ஒன்றின் நெக்கை மற்றொன்றுக்காகத் துளையிட்ட பாடியில் மாட்டினால், ஃப்ரெட்டுகள் ஓர் அளவிலும் பிரிட்ஜ் வேறோர் அளவிலும் நிற்கும். பிரிட்ஜில் தந்தி உட்காரும் எந்த சாடிலைத் திருகியும் சுருதி சேராது. ஸ்ட்ராட் வகை நெக்கின் அடிக்கட்டை அகலம் சுமார் 56 மி.மீ., அது உட்காரும் பள்ளத்தின் ஆழம் சுமார் 16 மி.மீ. பிரிட்ஜிலும் இரண்டு மரபுகள்: பழைய வகையில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே 56 மி.மீ., புதிய வகையில் 52 மி.மீ. வாங்கும் முன் இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

வெறும் பலகையிலிருந்து தொடங்குவதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. க்வீன் இசைக்குழுவின் பிரையன் மேயும் அவருடைய தந்தையும் 1963இல் ஆரம்பித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் நெக், பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து வந்தது. தந்திகளின் சுருதியை அசைக்கும் அதன் ட்ரெமலோவில் மோட்டார் சைக்கிள் வால்வ் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அந்தக் கிட்டாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும். ஆனால் அதே பிரையன் மே, தானே சுற்றிய பிக்கப்புகளை விட்டுவிட்டு பர்ன்ஸ் ட்ரை-சானிக் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். எதைத் தான் செய்வது, எதை வாங்குவது என்ற அந்தத் தெளிவை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

பலகை வழியில் போவோர் பாடியைத் தாங்களே வெட்டலாம். ஃப்ரெட் பள்ளங்களை மட்டும் முதல்முறை கையால் அறுக்க வேண்டாம் என்பேன். 648 மி.மீ. ஸ்கேலில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.37 மி.மீ. தூரத்தில் வரும், மிச்சமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். கணக்கு எளிது. பள்ளத்தின் அகலமோ சுமார் 0.6 மி.மீ.தான், ரம்பம் விலகினால் சுருதி பிசகும். பள்ளம் அறுத்தே விற்கும் ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட்டுகள் பதியும், நெக்கின் முகப்புப் பலகை) கிடைக்கிறது. நீங்களே அறுக்கத்தான் வேண்டுமென்றால், எல்லா அளவையும் நட்டிலிருந்தே எடுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சிறுசிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

மூன்றில் எது என்று கேட்டால், என் விடை நான்காவது: வீட்டில் தூங்கும் ஒரு பழைய கிட்டாரைப் பிரித்துச் சீர்செய்வது. அதற்குப் பிறகு பாகங்கள், அதற்கும் பிறகு பலகை. மரத்தின் வகை ஒலியை ஏதேனும் செய்யுமில்லையா என்று தோன்றலாம். எடைக்கும் உறுதிக்கும் பார்த்து, நன்கு காய்ந்ததாக எடுங்கள். அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

திருகாணி நெக்கும் ஒட்டிய நெக்கும்

ஒட்டிய நெக் தரும் வழுவழுப்பான இணைப்பும், மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை தடையின்றிப் போவதும் உண்மையான நன்மைகள். ஒட்டிய நெக்கில் ஓசை கூடுதல் நேரம் நீடிக்கும் என்ற பேச்சை நம்பி மட்டும் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். 1950இலிருந்து ஃபென்டர் திருகாணியில் பிணைத்துவரும் நெக்குகளில் ஓசைக்குப் பஞ்சமில்லை.

இந்தப் போட்டியைத் தீர்ப்பது கோணம். உயரமான டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் வைக்கும் ஒட்டு நெக், பாடியிலிருந்து சில டிகிரி பின்சாய்ந்து உட்கார வேண்டும். நெக் பாடியைச் சேரும் இடத்திலிருந்து பிரிட்ஜ் சுமார் 250 மி.மீ. தள்ளி இருப்பதால், ஒரே ஒரு டிகிரி பிசகினால் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். என் இரண்டாவது கிட்டாரில் அதுதான் நடந்தது. பசை காய்ந்து, தந்தி கட்டி, பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கியும் 12ஆம் ஃப்ரெட்டில் தந்தி 3 மி.மீ. உயரத்தில் நின்றது. நீராவி காட்டி, இணைப்பை மெல்ல நெகிழவைத்துப் பிரித்து, மறுபடி செதுக்கி ஒட்ட மூன்று வாரம் போனது. பாடியின் மேற்பூச்சும் கூடவே போனது.

திருகாணி நெக்கில் அதே பிழைக்குப் பத்து நிமிட வேலை. பள்ளத்தின் பின்பக்கம், பிரிட்ஜை நோக்கிய ஓரத்தில், 0.5 மி.மீ. தகடு ஒன்றை வைத்தால் பிரிட்ஜில் சுமார் 1.6 மி.மீ. கிடைக்கும். முதல் இரண்டு கிட்டாருக்கும் திருகாணிதான் என்று அடித்துச் சொல்வேன்.

துளை போடும் முன் ஒரு சோதனை. நெக்கைப் பள்ளத்தில் கிளாம்பால் பிடித்துவைத்து, நட்டின் இரு ஓரத் தந்திக் குழிகளிலிருந்து பிரிட்ஜின் இரு ஓரங்களுக்கும் நூல் இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் ஃபிங்கர்போர்டின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓட வேண்டும். பாடியில் போடும் துளை திருகாணி தடையில்லாமல் நழுவிப்போகும் அளவுக்கு இருக்கட்டும். அதன் புரி நெக் மரத்தை மட்டுமே கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும், எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. மேப்பிள் கடினமான மரம். முன்துளை இல்லாமல் முறுக்கினால் திருகாணி தலை முறியும். புரியில் கொஞ்சம் மெழுகு தடவிக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜைப் பற்றிச் சுருக்கமாக: ட்ரெமலோவுக்குப் பாடியை ஊடுருவி வெட்ட வேண்டும், அசையாத பிரிட்ஜுக்கு வேண்டாம். முதல் கிட்டாருக்கு அசையாததே போதும். அதை வைக்கும்போது முதல் தந்தியின் சாடிலை ஏறக்குறைய முழுக்க முன்னுக்குத் தள்ளி, அந்த நிலையில் நட்டிலிருந்து 648 மி.மீ. வரும்படி குறியுங்கள். சுருதி சேர்க்கையில் சாடில்கள் பின்னோக்கித்தான் நகரும்.

இரைச்சல்: தகடு ஒட்டுவதா, ஹம்பக்கர் மாட்டுவதா

கிட்டார் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. ஒருவர் உள்ளே செம்புத் தகடு ஒட்டச் சொல்வார், இன்னொருவர் ஹம்பக்கர் மாட்டச் சொல்வார். இரண்டும் இரண்டு வெவ்வேறு நோய்க்கான மருந்து.

கிட்டாரைப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே மெதுவாகச் சுழலுங்கள். திசைக்குத் திசை இரைச்சல் ஏறி இறங்கினால், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றின் காந்தப்புலத்தை உங்கள் காயில் பிடிக்கிறது. மெல்லிய செம்புத் தகடு அதைத் தடுக்காது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்களில் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்கும் ஹம்பக்கர்தான் வழி. சேத் லவர் கிப்சனுக்காக 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமைப்பு இதே தத்துவம்தான். மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டாரில் நடு பிக்கப் எதிர்ச்சுற்று வகையாக இருந்தால், ஐந்து நிலைச் சுவிட்சின் 2ஆம், 4ஆம் நிலைகளில் அதே பலன் செலவின்றிக் கிடைக்கும்.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அது மின்புலத் தொல்லை. இதற்குத்தான் செம்புத் தகடும் கடத்தும் பெயின்டும். உட்குழிகளை முழுக்க மூடி, துண்டுகள் ஒன்றோடொன்று தொடும் இடங்களில் ஈயம் வைத்து, மொத்தத்தையும் ஒரு வயரால் எர்த்தோடு இணைக்க வேண்டும். எர்த் இணைப்பு விட்டுப்போனால் ஒட்டியதெல்லாம் வீண்.

ஹம்பக்கருக்கே போவது என்று முடிவானாலும், சிங்கிள் காயில் குழியை ரௌட்டரால் (மரத்தில் குழி வெட்டும் கருவி) அகலப்படுத்த ஓடாதீர்கள். சிங்கிள் காயில் அளவிலேயே செய்யப்பட்ட ஹம்பக்கர்கள் இருக்கின்றன. அவை பிடிக்கவில்லையென்றால் பழையதைத் திரும்ப மாட்டிவிடலாம். வெட்டிய மரத்தைத் திரும்ப மாட்ட முடியாது.

பிக்கப்பை மாற்றும் முன்

ஒலி மங்கலாக இருக்கிறது என்றதும் கை புது பிக்கப்பைத் தேடும். அதற்கு முன்னால் செலவு குறைந்த மூன்று படிகள் உண்டு.

முதலாவது, பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே சுமார் 2 மி.மீ.யில் தொடங்குங்கள், தடித்த தந்திப் பக்கம் இன்னும் சற்று இறக்கம். சிங்கிள் காயிலின் காந்தம் மிக நெருங்கினால் தந்தியை இழுத்து, சுருதியையே கலைத்துவிடும். இரண்டாவது, கேபிள். நீளமான கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மேல்ஸ்தாயியின் பளபளப்பை விழுங்கும். குட்டையான ஒன்றை மாட்டி ஒருமுறை கேளுங்கள்.

மூன்றாவது, வால்யூம் பாட், அதாவது ஒலியளவுக் குமிழின் அடியில் இருக்கும் மாறுமின்தடை. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது பழகிய வழக்கம். மதிப்பு கூடக் கூட ஒலி பிரகாசமாகும். மேலே அச்சிட்ட எண்ணை நம்பவேண்டாம். 20 சதவீதம் வரை ஏறி இறங்குவது சாதாரணம் என்பதால் 500 என்று எழுதியது 400ஆகவும் இருக்கலாம். மல்டிமீட்டரால் அளந்து மாட்டுங்கள். இரண்டு பாட்களின் விலையைப் புது பிக்கப்பின் விலையோடு ஒப்பிட்டால், பணத்துக்கு மிகுந்த பலன் தருவது இந்த மாற்றம்தான்.

டோன் கெப்பாசிட்டரில் 0.022, 0.047 மைக்ரோஃபாரட் என்ற இரண்டுக்கும் நடுவே வேறுபாடு கேட்கும், குமிழை நன்றாகக் குறைத்தால். ஒரே மதிப்புள்ள விலை உயர்ந்த எண்ணெய்க் காகித வகைக்கும் சாதாரண ஃபிலிம் வகைக்கும் இடையே என் காதுக்கு எதுவும் கேட்டதில்லை. மிச்சமாகும் பணத்தில் 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன் ஒன்றை வாங்குங்கள். பாட்டின் முதுகில் ஈயம் பிடிக்கச் சூடு வேண்டும். வலுவில்லாத அயர்னை நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடித்தால் பாட்டின் உள்ளே கரிப்பாதை கெட்டுவிடும்.

எண்ணெயும் லாக்கரும்

வீட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு எண்ணெய்ப் பூச்சு. துணியால் தடவி, துடைத்து, காயவிட்டு, திரும்பத் தடவினால் ஆயிற்று. கீறல் விழுந்த இடத்தில் மட்டும் தேய்த்து மறுபடி தடவலாம். நைட்ரோ லாக்கர் கண்ணாடி போல மினுங்கும். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கரைத்து அதோடு ஒன்றாகும் என்பதால் பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு, முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது. உரிய சுவாசக் கருவி இல்லாத வீட்டில் அதற்கு இடமே இல்லை.

எண்ணெயிலும் ஓர் ஆபத்து உண்டு, அதை லேசாக எடுக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல்துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள்.

எதைப் பூசினாலும், பூசும் முன் கிட்டாரை முழுக்கக் கோத்து, தந்தி கட்டி, ஒரு வாரம் வாசியுங்கள். பிசகுகள் எல்லாம் பச்சை மரத்தில் இருக்கும்போதே வெளிவரட்டும். பிறகு பிரித்துப் பூசுங்கள். அப்போது நெக் பள்ளத்துக்குள் டேப் ஒட்டி மறைக்க மறந்துவிட வேண்டாம். அங்கே ஏறும் கால் மில்லிமீட்டர் பூச்சு போதும், நேற்று கச்சிதமாக உட்கார்ந்த நெக் இன்று நுழையாமல் போக.