நிசான் லீஃபுக்கு 40 யூனிட் பேட்டரி: பழைய காரில் மாட்டினால் தேறுமா?

2011 முதல் 2015 வரை வந்த நிசான் லீஃப் மின்சாரக் கார்களில் பெரும்பாலும் காருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பேட்டரிதான் படுத்திருக்கும். மோட்டார் முதல் நாள் போலவே ஓடும், பிரேக் பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது. மீட்டரில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் மட்டும் 12 இருந்த இடத்தில் 7 நிற்கும். அந்தக் கோடுகள் சமமானவை அல்ல. முதல் கோடு விழவே கொள்ளளவு 15 சதவீதம் குறைய வேண்டும், அதன் பிறகு ஒவ்வொன்றும் சுமார் 6 சதவீதம். ஆக 7 கோடு என்றால் புதிதில் இருந்ததில் 60 சதவீதமோ அதற்கும் கீழோதான் மிச்சம். புதிதிலேயே அமெரிக்க அளவீட்டில் 117 கிலோமீட்டர் போன 2011 மாடல், இந்த நிலையில் 70 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம்.

இந்தக் காருக்கு இன்று கிடைக்கும் மாற்றுகளில், விபத்தில் அடிபட்ட, 2018 முதல் வந்த லீஃபிலிருந்து கழற்றிய 40 கிலோவாட் அவர் பேக்தான் நம் கணக்கில் முதலிடம். (கிலோவாட் அவர் என்று ஒவ்வொரு முறையும் எழுதாமல், கரண்ட் பில்லில் சொல்கிற மாதிரி யூனிட் என்றே சொல்வோம்.) ஆனால் பேக் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வேலையின் பாதி இரும்பிலும் செம்பிலும் இருக்கிறது, மீதிப் பாதி மென்பொருளில். மாட்டிக்கொடுக்கும் பட்டறைகளின் தராதரம் தெரிவது அந்த இரண்டாவது பாதியில்தான்.

எப்படிப் பொருந்துகிறது? பழைய 24 யூனிட் பேக்கில் 48 மாட்யூல் (செல்களை அடைத்த பெட்டி), ஒவ்வொன்றிலும் 4 செல், மொத்தம் 192. இரண்டிரண்டு செல் இணையாகச் சேர்ந்து, அப்படி 96 ஜோடி வரிசையாக நிற்கும். 40 யூனிட் பேக்கில் 24 மாட்யூல், ஒவ்வொன்றிலும் 8 செல். அங்கும் 192, அங்கும் 96 ஜோடி. அதனால் மொத்த வோல்டேஜ் கிட்டத்தட்ட அதேதான், நிறைய ஏற்றினால் 400 வோல்ட்டை ஒட்டி நிற்கும். மோட்டாரை ஓட்டும் இன்வர்ட்டருக்கும் சார்ஜருக்கும் வித்தியாசமே தெரியாது. எடை இரண்டும் ஏறத்தாழ 300 கிலோ. காரின் அடியில் போல்ட் மாட்டும் இடங்களும் ஒத்துப்போகும். சிக்னல் வயர் கனெக்டர்தான் வேறு, அதற்கு அடாப்டர் வயரிங் வேண்டும்.

62 யூனிட் பேக் என்றால் கதை வேறு. 288 செல், 100 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை, தடிமனும் அதிகம். உடம்புக்கும் பேக்குக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்துக் கீழே இறக்கித்தான் மாட்ட முடியும், தரைக்கும் பேக்குக்கும் உள்ள இடைவெளி குறையும், பின் ஸ்பிரிங் தாழும். நெடுந்தூரம் தினமும் போகிறவர் அல்லாமல் வேறு யாருக்கும் இதைச் சொல்ல மனம் வரவில்லை.

செலவு குறைவு என்று சிலர் பரிந்துரைக்கும் இன்னொரு வழி, செத்த மாட்யூலை மட்டும் மாற்றுவது. காரின் பேட்டரி விவரங்களைப் போனில் காட்டும் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் 96 ஜோடிகளும் 96 குச்சிகளாகத் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் பல் உடைந்த சீப்பு மாதிரி கீழே இறங்கியிருந்தால், அந்த மாட்யூல்களை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. எல்லாக் குச்சியும் ஒரே உயரத்தில் நின்று, மொத்தக் கொள்ளளவே சுருங்கியிருந்தால், இரண்டு மாட்யூல் மாற்றி ஒரு பயனும் இல்லை. வரிசையில் நிற்கும் செல்களில் எது முதலில் காலியாகிறதோ அதுதான் வண்டியை நிறுத்தும். மாற்றினாலும் புதிய மாட்யூலின் வோல்டேஜ் பழையவற்றோடு 10, 20 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். காரிலேயே சமன் செய்யும் சுற்று இருக்கிறதே என்பார்கள். அது இழுப்பது மில்லிஆம்பியர் கணக்கு. 10 மில்லிஆம்பியரில் 1 ஆம்பியர் அவர் (செல் கொள்ளும் மின்சாரத்தின் அளவு) வித்தியாசத்தைக் கரைக்க 100 மணி நேரம். 5 ஆம்பியர் அவர் என்றால் மூன்று வாரம்.

இனி மென்பொருள். லீஃபின் பேட்டரிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் காரின் மூளையும் ஒன்றையொன்று அடையாளம் வைத்திருக்கும். வேறு காரின் பேக்கைச் சும்மா மாட்டினால், மீட்டரில் ஆமை விளக்கு எரியும், வண்டி ஆமையாகவே நகரும். அதே வகை 24 யூனிட் பேக் என்றால் நிசானின் கன்சல்ட் என்ற சோதனைக் கருவியால் இரண்டையும் இணைத்துவிடலாம். 40 யூனிட்டுக்கு அது போதாது. பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சின்னச் சர்க்யூட் போர்டு உட்கார்ந்து, புதிய பேக் பேசுவதைப் பழைய காருக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் கேன் பிரிட்ஜ் (தண்ணீர் கேன் அல்ல, காருக்குள் தகவல் ஓடும் கேன் பஸ்).

இந்தப் போர்டு அரைகுறையாக இருந்தால் வரும் நோய்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். பாதியில் வேகச் சார்ஜ் நின்றுபோகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் மின்சாரம் திரும்ப ஏறாது. சதவீதம் 40இலிருந்து 31க்குத் தாவும். கோடுகள் ஒரு நாள் 12 காட்டும், மறுநாள் 9. இதெல்லாம் பேட்டரியின் குற்றம் அல்ல, மொழிபெயர்ப்பின் குற்றம். ஆகவே பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த பிரிட்ஜில் என் மாடலுக்கான மென்பொருள் இருக்கிறதா, பின்னால் திருத்தம் வந்தால் யார் ஏற்றித் தருவார்கள்?” என்பதுதான். 2011, 2012 கார்களுக்கும் 2013 முதல் வந்தவற்றுக்கும் வயரிங்கும் செய்திகளும் வேறு. “எல்லா லீஃபுக்கும் ஒன்றுதான் சார்” என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய பேக் வாங்கும்போது கோடுகளை நம்பவே கூடாது. கட்டுப்பாட்டுப் பெட்டியை ரீசெட் செய்தால் தேய்ந்த பேட்டரியும் 12 கோடு காட்டும். உண்மை நிலவரம் மீட்டருக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் விற்றவர் பணத்தை எண்ணி முடித்திருப்பார். லீஃப் ஸ்பையில் ஆம்பியர் அவர் எண்ணைப் பாருங்கள். 40 யூனிட் பேக் புதிதில் சுமார் 115 காட்டும், 100 என்றால் இன்னும் நல்ல ஆயுள் இருக்கிறது. அந்த எண்ணையும் ரீசெட் ஏமாற்றும் என்பதால் கூடவே ஒரு சோதனை வேண்டும். சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, அதிக செல்லுக்கும் குறைந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நிற்கும்போது 20 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பது, இழுக்கும்போது 100ஐத் தாண்டி, அதுவும் எப்போதும் ஒரே ஜோடி எண்ணிலேயே விழுந்தால், அந்த பேக்கில் ஒரு செல் பலவீனம். நிறைய ஏற்றிய பேக்கில் இது தெரியாது. விற்பவர்கள் நிறைய ஏற்றிக் காட்டுவதில் இந்த வசதியும் உண்டு.

இன்னொன்று. அமெரிக்காவில் 2019, 2020 மாடல் லீஃப்களை 2024இலும், 2021, 2022 மாடல்களை 2025இலும் நிசான் திரும்ப அழைத்தது. வேகச் சார்ஜில் செல்லுக்குள் லித்தியம் படிந்து, சூடாகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு என்பது காரணம், மென்பொருள் மாற்றம் என்பது தீர்வு. பழைய காருக்கு வரும் 40, 62 பேக் பல அந்த வருடங்களைச் சேர்ந்தவை. எந்த வருடக் காரிலிருந்து கழற்றியது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காரை விட்டுப் பிரிந்த பேக்கை எந்தத் திரும்ப அழைப்பும் தேடி வராது.

மாட்டும் வேலை திறமையான இருவருக்கு ஒரு நாள். 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றி, தரை கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஆரஞ்சு சர்வீஸ் பிளக்கை உருவி, அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும், இன்வர்ட்டரின் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய. 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை. உயர் வோல்டேஜ் கனெக்டரைக் கழற்றிய பிறகு கார்ப் பக்கம் மீட்டர் வைத்து வோல்டேஜ் வடிந்துவிட்டதைப் பார்த்தபின்தான் அடுத்த வேலை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: பிளக்கை உருவினாலும் பேக்குக்குள் இருக்கும் வோல்டேஜ் எங்கும் போவதில்லை, நடுவில் வெட்டி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். பேக்கைத் தாங்க 500 கிலோ தாங்கும் லிஃப்ட் டேபிள் வேண்டும். இரண்டு ஜாக் வைத்து ஒப்பேற்றுவது வேண்டாம். துருப்பிடித்த போல்ட்களுக்கு முந்தைய நாளே எண்ணெய் விட்டு வைக்காவிட்டால், உடம்புக்குள் இருக்கும் நட்டிலேயே முறிந்து தொல்லை கொடுக்கும். பேக்கின் மூடியைத் திறந்திருந்தால் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக சீல் வைத்தார்களா என்று பார்ப்பது முக்கியம். தண்ணீர் உள்ளே போனால் மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டையான பஸ் பார் பச்சை பூக்கும், இன்சுலேஷன் கோளாறு காட்டி வண்டி ஸ்டார்ட் ஆகாது. பஸ் பார் நட்டை, அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் முறுக்கினால், தளர்ந்த ஒரு இணைப்பு நல்ல செல்லையே பலவீனச் செல்லாகக் காட்டும்.

வண்டியை எடுக்கும் முன் இவற்றைக் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லலாம்: 100 சதவீதம் வரை ஏறித் தானாக நிற்கிறதா, வேகச் சார்ஜ் 20இலிருந்து 80 வரை தடையின்றிப் போகிறதா, பாதி சார்ஜில் இறக்கத்தில் மின்சாரம் திரும்ப ஏறுகிறதா, ஹீட்டரும் ஏசியும் ஓடுகிறதா. சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் ஏழெட்டு ஒன்றாக எரிந்தால் முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பாதிக் கோளாறுகளுக்கு அந்தக் கிழட்டு லெட் ஆசிட்தான் காரணம்.

மாற்றிய பின் என்ன கிடைக்கும்? நல்ல நிலையில் உள்ள 40 யூனிட் பேக்கில் 200 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கலாம். 2018 லீஃபின் அமெரிக்க அளவீடு 243. என்ன கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்ப கால லீஃபின் உள் சார்ஜர் 3.3 கிலோவாட்தான், காலியிலிருந்து நிறைய 12 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். லீஃபின் வேகச் சார்ஜ் முறையான சாடெமோவின் வேகம் 50 கிலோவாட்டைத் தாண்டாது. குளிரூட்டும் ஏற்பாடு புதிய பேக்கிலும் இல்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று வேகச் சார்ஜ் போட்டால் பேக் சூடாகி, சார்ஜ் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் உங்கள் பட்டறையின் தவறு இல்லை.

கழற்றிய 24 யூனிட் பேக்கைப் பட்டறைக்கே விட்டுவிட்டு வர வேண்டாம். விலை பேசும்போதே அதற்கும் சேர்த்துப் பேசுங்கள். ஒவ்வொரு மாட்யூலும் சுமார் 7.5 வோல்ட், 60 சதவீதம் மிச்சமிருந்தாலும் தலா 300 வாட் அவர் தரும். சோலார் சேமிப்புக்கு வாங்க ஆள் இருக்கிறது. அதுவரை வைப்பதானால் பாதி சார்ஜில், முனைகளை மூடி, வெயில் படாத இடத்தில்.