நரம்பு வளர்ச்சி மாத்திரை: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

பதினோரு வருடங்களாக வலிப்புக்கு லெவெடிரசெட்டம் சாப்பிட்டு வருகிறவன் நான். சித்தப்பா பாசத்தோடு வாங்கித் தந்தது இந்தக் காளான் மாத்திரை. ‘நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பெருக்கும், மூளைச் செல்களைக் காக்கும்’ என்று அட்டையில் பொன்னெழுத்து. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நரம்புச் செல்களை வளர்க்கும் புரதமான அந்தக் காரணி கட்டுக்கதை இல்லை. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அட்டை பாதிக் கதையைத்தான் சொல்கிறது. முதிர்ந்த காரணி, செல்லின் மேல் சமிக்ஞை வாங்கும் புரதமான டிர்க்-ஏ ஏற்பியைப் பற்றினால் செல் பிழைக்கும். முதிராத அதன் முன்வடிவம் பி75 ஏற்பியைப் பற்றினால் செல் சாவை நோக்கிப் போகலாம். இதன் பங்காளியான பி.டி.என்.எஃப் என்ற மூளை வளர்ச்சிக் காரணி இன்னும் வம்பு பிடித்தது. வலிப்பு வந்ததும் மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் பெருகும். செல்லைக் காக்கவும் செய்யும், நரம்புகளைக் கிளறியும் விடும். அது பற்றுகிற டிர்க்-பி ஏற்பியை மூளையில் நீக்கிய சுண்டெலிகளுக்கு, திரும்பத் திரும்ப மின்தூண்டல் கொடுத்தும் வலிப்பு நோய் வேரூன்றவில்லை. அப்படியிருக்க, கூட்டினால் நல்லது என்று எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

வலிப்புக்காரர்களுக்கு அட்டையில் ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “இயற்கையானது சார், பயப்படாதீர்கள்” என்றார் பேசிய பெண். என் மருத்துவர் சிரிக்கக்கூட இல்லை, நிறுத்தச் சொன்னார்.

இரண்டு நட்சத்திரமும் டப்பாவுக்குத்தான். நல்ல இறுக்கமான மூடி, இப்போது ஏலக்காய் போட்டு வைத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.