பிளானிங் பிஎச்டிக்கு க்யூஜிஐஎஸ் போதுமா?

நகர் திட்டமிடல்ல பிஎச்டி பண்றேன், சென்னை ஏரியோரத்து நிலப் பயன்பாடுதான் டாபிக், மூணு வருஷமா க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்தான் சோறு போடுது. காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் முடிஞ்சிடுமோன்னு பயமே வேணாம், ஸ்டைபண்ட் எப்ப வரும்னே தெரியாத நமக்கு இது பெரிய விஷயம்ங்க.

எனக்கு ரொம்ப உதவுனது அதுல இருக்கிற ஜியோரெஃபரன்சர், அதாவது பழைய மேப் படத்த நிஜ இடத்தோட பொருத்துற டூல். 2008ல வந்த சென்னையோட இரண்டாவது மாஸ்டர் பிளான் மேப்ப இமேஜா உள்ள போட்டு, ரோடு முக்கு, பாலம்னு பாயிண்ட் வச்சு சாட்டிலைட் படத்து மேல உக்கார வச்சா, பிளான்ல ஒண்ணு தரையில ஒண்ணுன்னு பளிச்னு தெரியும்.

ஒண்ணு மட்டும் கவனம், பரப்பளவு கணக்கு போடுறதுக்கு முன்னாடி லேயர (மேப்போட அடுக்கு) EPSG:32644க்கு, அதாவது சென்னைக்குப் பொருந்துற, மீட்டர்ல அளக்கிற ஆயமுறைக்கு மாத்திக்கோங்க, டிகிரியிலயே விட்டுட்டு ஃபீல்ட் கால்குலேட்டர்ல $area இல்லாம வெறும் area() போட்டு, பரப்பு டிகிரி கணக்குல துளியா வந்து, நான் ஒரு ஏரியையே காணாம ஆக்கிட்டேன், கைடு சிரிச்சாரு. சேவ் பண்றப்ப ஷேப்ஃபைல் ஃபார்மட் வேணாம், டேபிள் காலம் (column) பேரு பத்து எழுத்துக்கு மேல போனா வெட்டிடும், ஜியோபேக்கேஜ் ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க.

மேப்ப பிரிண்டுக்கு தயார் பண்ற பிரிண்ட் லேஅவுட் பழக கொஞ்சம் நாளாகும், லெஜண்ட் (குறி விளக்கம்) சரி பண்றதுக்குள்ள டீ ஆறிடும். என் மார்க் அஞ்சுக்கு நாலரை.