பழைய காரின் உள் பிளாஸ்டிக்: ஸ்ப்ரேயா, வினைல் ராப்பா?

மங்கிய பிளாஸ்டிக்கைப் புதுசாக்க ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம், இல்லை வினைல் ராப் (ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டலாம். இரண்டுக்கும் தேவையான சாமான் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் (கார் உதிரிபாகக் கடைத்தெரு) கிடைக்கும்.

செலவு:
ஸ்ப்ரே – கேன் மட்டும் போதாது. பிளாஸ்டிக் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு), 400, 600 நம்பர் உப்புத்தாள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் சேரும்.
ராப் – ஷீட், பிளேடு, ஹேர் டிரையர்.

உழைப்பு:
ஸ்ப்ரே – வேலையே தேய்ப்பில்தான். பிசுபிசுக்கும் பழைய ரப்பர் பூச்சை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தெடுங்கள். மிச்சமிருந்தால் மேலே அடித்தது சுருங்கும். மெல்லிசாக 3 கோட், நடுவே 10–15 நிமிடம். காலையிலேயே அடியுங்கள், சாயங்கால மழையின் ஈரக்காற்றில் பெயின்ட் வெளுக்கும் (இந்த ஊர் மழையை நம்ப முடியாது).
ராப் – சூடுகாட்டி இழுத்து, ஓரத்தை 5 மி.மீ. பின்பக்கம் மடிக்கணும்.

ஆயுசு:
ஸ்ப்ரே – பிரைமர் அடிக்காமல் விட்டால் உரியும்.
ராப் – கைப்பிடி ஓரத்தில் எழும்பும்.

தட்டையான கன்சோலுக்கு (முன் சீட்டுகளுக்கு நடுவே உள்ள பகுதி) ராப். சொரசொரப்பான கதவு பேனலுக்கு ஸ்ப்ரே. ஏர்பேக் மூடியில் இரண்டும் கூடாது.