ஊட்டிக்கும் ஆகாது, ஷார்ஜாவுக்கும் ஆகாது

கோவையில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் வலது கண்ணுக்கு விழித்திரை அறுவை செய்துகொண்டேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று முழுக்கப் பில் கவுண்டர் கணக்கில். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. கவுண்டரில் இருந்தவர்களின் கோளாறுக்காக என் கண்ணைக் காப்பாற்றிய டாக்டரின் பெயர் அடிபட வேண்டாம்.

சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். 14 ஆண்டுகளாக ஷார்ஜாவில், திருப்பூர் பனியன் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பல்வலி, முழங்கால் வலி, கண்ணாடி மாற்றுவது என்று எதுவானாலும் ‘லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூட்டை கட்டி வைப்பது எங்கள் வழக்கம். காப்பீட்டு அட்டை பர்ஸிலேயே இருக்கும். ஆனால் எந்தக் கிளினிக்கில் செல்லும், யாரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும், நம் பங்கு எத்தனை திர்ஹாம் என்று விசாரிப்பதற்குள் அலுத்துவிடும்.

மார்ச் தொடக்கத்தில் வலது கண்ணுக்குள் கொசு பறக்க, அதாவது கொசு மாதிரி கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தது. இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் மின்னல் வெட்டியது. என் கண்ணாடி மைனஸ் 7. இவ்வளவு கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் வாய்ப்பு அதிகம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பண்ணாரியம்மன் கோயில் குண்டத்துக்கு, அதாவது தீமிதிக்கு, வருவதற்காக டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். மின்னலையும் லீவு மூட்டையிலேயே கட்டினேன்.

ஊருக்கு வந்த நான்காம் நாள் காலை, வலது கண் பார்வையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அவசரப்படாமல் வரும், ஆனால் நிற்காது. பத்து மணிக்கு எதிரில் இருப்பவரின் வேட்டிக் கரையை மறைத்தது. ஒரு மணிக்கு இடுப்புவரை மறைத்துவிட்டது. சித்தப்பா மகன் காரை எடுத்தான். கோவை இரண்டு மணி நேரம்.

முன்பதிவு இல்லாமல்தான் போனோம். வரவேற்பில் இருந்த பெண் ‘திரை மாதிரி மறைக்கிறது’ என்ற சொல்லைக் கேட்டதும் டோக்கன் வரிசையை விட்டு என்னை உள்ளே அனுப்பினார். நான்கு நட்சத்திரத்தில் ஒன்று அவருக்கே உரியது. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்ததும், தலையில் விளக்கு கட்டிய டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் கண்ணின் எல்லா மூலைகளையும் தேடினார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, சிவப்புப் பென்சிலால் ஒரு பகுதியையும் நீலப் பென்சிலால் ஒரு பகுதியையும் தீட்டினார். சிவப்பு ஒட்டியிருக்கும் விழித்திரை, நீலம் பிரிந்துவிட்டது. என் தொழிலிலும் சிவப்பு, நீலம் உண்டு. ஆனால் அங்கே சிவப்பு என்றால்தான் வயிறு கலங்கும். நீலம் வட்டத்தின் மேற்புறம் இருந்தது. “எனக்குக் கீழேதானே மறைக்கிறது?” என்றேன். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் மேலே பிரிந்தால் கீழே இருட்டும் என்றார். நீலத்தின் விளிம்புக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் நூலளவு சிவப்பு இருந்தது. அந்த நடுப்புள்ளிதான் மாக்குலா, படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் இடம். அது பிரிந்த பிறகு ஒட்டினால் பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. “நாளைக் காலை முதல் கேஸ் நீங்கள்தான்” என்றார்.

பிரிந்த விழித்திரையைப் பழைய இடத்தில் வைத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, அது பிடிக்கும்வரை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க ஒன்றை நிரப்புவார்கள். சிலிக்கோன் எண்ணெய் என்றால் விமானம் ஏறலாம், ஆனால் அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். வாயு என்றால் தானாகக் கரைந்துவிடும். சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு ஏறத்தாழ இரண்டு வாரம் நிற்கும், பெர்ஃபுளோரோபுரொப்பேன் ஆறிலிருந்து எட்டு வாரம். என் கிழிசலுக்கு இந்த இரண்டாவது வாயுதான் சரி என்று டாக்டர் முடிவு செய்தார்.

நான் ஏப்ரல் 20-ஆம் தேதி ரிட்டர்ன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்காவிட்டால் யாராவது சொல்லியிருப்பார்களா என்பது இன்னும் சந்தேகம்தான். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, “மேட்டுப்பாளையத்தில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் குன்னூர் போனதும் எப்படி இருக்கும்?” என்றார். உப்பிக் கிடக்கும். கண்ணுக்குள் இருக்கும் வாயுவும் அப்படித்தான் உப்பும். அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் பார்வையே போய்விடும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கும் அளவுதான். “குமிழி கரையும்வரை ஊட்டியும் கிடையாது, ஷார்ஜாவும் கிடையாது.” இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி, முகத்தின் மேல் பச்சைத் துணி, ஒன்றரை மணி நேரம். வலியில்லை. முடிந்ததும் கையில் ஒரு பட்டை கட்டினார்கள்: கண்ணில் வாயு இருக்கிறது, விமானப் பயணம் கூடாது, மயக்க மருந்தில் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது. விபத்தில் சிக்கி நினைவிழந்தாலும் அந்தப் பட்டை நமக்காகப் பேசும். ஏற்பாடு பிரமாதம்.

அதற்குப் பிறகுதான் சோதனை. ஐந்து நாள், குளிப்பதும் உண்பதும் போக, குப்புறவே படுக்க வேண்டும். மருத்துவமனை மருந்துக் கடையில் இதற்கென்று லாட வடிவில் ஒரு நுரைத் தலையணை விற்கிறார்கள், ரூ.2,200. வாங்கினேன். ஏ.சி. அறையில் அது நல்ல தலையணை. கோபியின் பங்குனி வெயிலில் அரை மணிக்குள் நெற்றி வெந்து, வேர்வை கட்டுக்குள் இறங்க ஆரம்பித்தது. வாங்காதீர்கள்.

பெரியப்பா வந்து ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் களத்திலிருந்த கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து, தலைமாட்டில் நாலு கயிற்றை நெகிழ்த்தி, ஒரு முகம் நுழையும் அளவுக்கு வழி செய்தார். விளிம்பில் பழைய வேட்டியைச் சுற்றினார். அவ்வளவுதான். கீழிருந்து காற்று, கழுத்துக்கு வலியில்லை. ஐந்து நாளும் நான் பார்த்த உலகம் கட்டிலுக்கடியில் இருந்த நாலு சதுர அடி சிமெண்டுத் தரைதான். இடது கண்ணால் எறும்புகளை எண்ணினேன். பண்ணாரியில் குண்டம் இறங்கிய அன்றும் எறும்புதான்.

அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, 88 வயது. அவரும் எந்தக் காலத்திலோ பள்ளிக்கூடத்தில் போட்ட கண் முகாமில் புரை எடுத்துக்கொண்டவர். புட்டிக் கண்ணாடியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உறிஞ்சுகுழல் போட்ட டம்ளரைத் துளைக்குக் கீழே நீட்டுவார். “கண்ணு எப்படி இருக்கிறது கண்ணு?” எங்கள் பக்கத்தில் பேரனும் கண்ணுதான். முதல் நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, கட்டு போட்ட கண்ணில் நீர் வந்தால் ஆபத்தில்லையா என்று டாக்டருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. ஆபத்தில்லையாம்.

இப்போது கவுண்டர். முதல் நாள் சொன்ன தொகை ரூ.72,000. வந்த பில் ரூ.84,000. வாயுவுக்குத் தனிக் கட்டணமாம். வாயு இல்லாமல் இந்த அறுவையை எனக்கு எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, கட்டியாயிற்று. ஆனால் பில்லில் ஒரே வரி: ‘விழித்திரை அறுவை, பேக்கேஜ்’. என் காப்பீட்டு நிறுவனம் அவசரச் சிகிச்சை என்றால் இந்தியச் செலவையும் பிறகு திருப்பித் தரும். அதற்கு அறுவை அரங்கு, டாக்டர், மருந்து, வாயு எல்லாம் தனித்தனியாக, முத்திரையோடு வேண்டும். “இங்கே எல்லோருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம் சார்.” நான் வருடக்கணக்காக இன்வாய்ஸ் பிரித்து எழுதிச் சோறு தின்பவன். வெற்றுத்தாள் கொடுங்கள், நானே பிரித்து எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். மூன்று முறை கோபியிலிருந்து போய் வந்த பிறகு கிடைத்தது. கட்டியதில் பாதிக்குச் சற்று மேல் திரும்ப வந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே, பிரித்த பில், அறுவைக் குறிப்பு, ‘விமானப் பயணம் கூடாது’ என்ற கடிதம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம்தான் என் வேலையைக் காப்பாற்றியது. எமிரேட்ஸ் சட்டப்படி நோய் விடுப்பில் முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம். ஆண்டு விடுப்பு தீர்ந்தபின் எனக்கு 15 நாள் முழுசும் 19 நாள் அரையும் ஆயிற்று.

கட்டு அவிழ்த்தபோது வலது கண்ணில் கலங்கல் தவிர ஒன்றுமில்லை. இரண்டு வாரம் கழித்து மேலே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேல் உலகம், கீழே குமிழி. தலையைச் சாய்த்தாலும் கோடு மட்டும் சாயாது. கொத்தனாரின் ரசமட்டத்தைக் கண்ணுக்குள் வைத்ததுபோல. சித்திரையில் தாளவாடியில் மாமன் மகள் கல்யாணம் வந்தபோது கோடு பாதியில் நின்றது. திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு, 1,000 மீட்டருக்கு மேல். வீட்டில் எல்லோரும் போனார்கள். நான் ஏறவில்லை. மாமா இன்னும் முழுதாக நம்பவில்லை. மொய் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

மே 20-ஆம் தேதி, 55-ஆம் நாள், கோலிக்குண்டு அளவில் அடியில் உருண்டுகொண்டிருந்த குமிழி காணாமல் போனது. டாக்டர் மறுபடியும் எல்லா மூலைகளையும் பார்த்துவிட்டுப் பட்டையை வெட்டினார். ஓரிரு ஆண்டுக்குள் இந்தக் கண்ணில் புரை வரக்கூடும் என்றும் சொன்னார். 24-ஆம் தேதி ஷார்ஜா விமானம். மேலே ஏறும்போது வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

போன மாதம் இடது கண்ணில் ஒரு கொசு. மறுநாள் காலையே அட்டையை எடுத்துக்கொண்டு ஷார்ஜாவிலேயே ஒரு கிளினிக்குக்குப் போனேன். பரிந்துரைக் கடிதம் வாங்க ஒரு மணி நேரம், என் பங்கு 50 திர்ஹாம். சொட்டு மருந்து விட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, வெறும் கொசுதான் என்றார்கள்.